துறைகள் தூர்ந்த கதை: நெகிழ்வட்டு முதல் நினைவக அட்டை வரை

சில மாதங்களுக்கு முன் நாங்கள் மூவர் காயல்பட்டினம் சென்றிருந்தோம். பழைய பள்ளிவாசல்களையும் அடக்கத்தலங்களில் உள்ள கல்லெழுத்துகளையும் பார்த்து வருவதே நோக்கம். மாலையில் உள்ளூர் நண்பர் ஒருவர் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். தேநீர் அருந்தி முடித்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை இறக்கி எங்கள் முன் வைத்தார்.

பெட்டிக்குள் ஒன்பது நெகிழ்வட்டுகள் இருந்தன. ஃப்ளாப்பி என்று நாமெல்லாம் சொல்லிவந்த அதே மூன்றரை அங்குலச் சதுரங்கள்தாம். அவற்றுடன் இரண்டு ஒலிநாடாக்கள், நான்கு குறுந்தகடுகள், ஒரு பென் டிரைவ், விரல் நகத்தளவில் ஒரு நினைவக அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய ஒரு கையெழுத்துக் குறிப்பேடு.

குறிப்பேடு நண்பருடைய உம்மாவின் தந்தையார் எழுதியது. மொழி தமிழ், எழுத்து அரபு. அரபுத்தமிழ் என்று வழங்கும் மரபு அது. 1990களின் இறுதியில் நண்பரின் வாப்பா அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாக வாசித்து, வழக்கொழிந்த சொற்களுக்கு விளக்கமும் சொல்ல, நண்பர் அவற்றைக் கணினியில் தட்டச்சிட்டு நெகிழ்வட்டுகளில் ஏற்றி வைத்திருந்தார். வாப்பா மறைந்துவிட்டார். ஏடு இருக்கிறது. ஏட்டில் இல்லாத அவருடைய விளக்கங்கள் அந்த ஒன்பது வட்டுகளில் மட்டுமே இருக்கின்றன.

"இதையெல்லாம் திறக்க வழி இருக்கா?" என்று கேட்டார் நண்பர்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, கையில் எடுத்துச்செல்லக்கூடிய கணினிச் சேமிப்புகளின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாற்றையே புரட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் அறிந்துகொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

இடம்பெயர்ந்த துறைகள்

முதலில் இந்தக் கடற்கரையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். பின்னால் அது உதவும்.

பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை, பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கப் பயண நூலிலும் தாலமியின் நிலநூலிலும் இடம்பெற்ற துறைமுகம். இன்று கொற்கையில் கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கரை முன்னேற, ஊர் பல கிலோமீட்டர் உள்ளே தங்கிவிட்டது. கொற்கைக்குப் பின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்களெல்லாம் இங்கே அணைவதாக எழுதினார். அவர் குறித்த காயல், ஆற்றின் கழிமுகத்தருகே உள்ள பழையகாயலே என்பது பிஷப் கால்டுவெல்லின் முடிவு. அது காயல்பட்டினமே என்று வாதிடுவோரும் உண்டு. பிற்பாடு பழையகாயலும் மணலில் தூர்ந்தது. வணிகமும் முத்துக்குளிப்பும் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தன.

இவ்வூர்களில் எதுவும் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. கட்டடங்களும் மக்களும் அப்படியே இருந்தனர். கப்பல் வந்து அணையும் துறை மட்டும் இல்லாமல் போயிற்று. அது போனபின் பண்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கரையேற வழியில்லை.

கணினியில் சேமிப்புக் கருவியைச் செருகும் வாய்க்கும் தமிழில் 'துறை' என்றே கலைச்சொல் வைத்திருக்கிறோம். நண்பரின் பெட்டியில் இருந்தவற்றுள் பல கெடாமலேகூட இருக்கலாம். அவை அணைவதற்குரிய துறைகள் இன்றைய கணினிகளில் இல்லை என்பதே முதல் இடர்.

நினைவகம் வேறு, சேமிப்பு வேறு

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'மெமரி' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் கணினிக்குள் இரண்டு வேறுபட்ட பொருள்கள் உள்ளன.

ஒன்று, கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். ரேம் என்பது இதுவே. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966இல் கண்டறிந்து 1968இல் காப்புரிமை பெற்ற முறையே இன்றும் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கும். அது கசிந்துகொண்டே இருப்பதால், நொடிக்குப் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. சிலேட்டுப் பலகையில் கணக்குப் போடுவது போன்றது இது.

மற்றொன்று, மின்சாரம் இல்லாதபோதும் செய்தியைத் தாங்கி நிற்கும் சேமிப்பு. நண்பரின் பெட்டியில் இருந்தவை அனைத்தும் இவ்வகை. வடிவம் பலவானாலும் இவை செய்தியைப் பதிந்து வைக்கும் முறைகள் மூன்றே: காந்தம், ஒளி, சிறைப்பட்ட மின்னூட்டம். பெட்டியை இந்த மூன்று குவியல்களாகப் பிரித்துக்கொண்டோம்.

முதற் குவியல்: காந்தம்

1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியே வன்தட்டைக் கொண்ட முதல் கணினி. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. அதில் அடங்கியது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. அதைத் தூக்கிச் செல்வது பற்றி யாரும் எண்ணியிருக்க முடியாது.

எடுத்துச்செல்லும் வட்டு 1971இல் வந்தது. அதே நிறுவனத்தின் எட்டு அங்குல நெகிழ்வட்டு அது. மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தின்மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. அதில் ஒவ்வொரு நுண்ணிடமும் காந்தத்தின் திசையால் ஒரு செய்தியைக் காட்டும். 1976இல் ஐந்தேகால் அங்குலமாகவும், 1981இல் சோனியின் மூன்றரை அங்குலமாகவும் அது சுருங்கியது. நாம் பெரிதும் பயன்படுத்திய 1.44 மெகாபைட் வட்டு 1987இல் பரவலாயிற்று. அதன் துல்லியமான கொள்ளளவு 14,74,560 பைட்டுகள்.

இது எவ்வளவு என்பதை இலக்கிய வாசகர்கள் ஒரு கணக்கால் உணரலாம். இன்றைய ஒருங்குறி முறையில் ஒரு குறளைச் சேமிக்க 200 பைட்டுகளுக்கு மேல் வேண்டியதில்லை. 1,330 குறள்களுக்கும் சேர்த்து இரண்டு லட்சத்து அறுபத்தாறாயிரம். ஆகவே ஒரு நெகிழ்வட்டில் திருக்குறள் ஐந்து முறை அடங்கும். 5,027 விருத்தங்களைக் கொண்ட உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்படலாம். எழுத்துக்கு அது போதுமான பாத்திரம்தான். படத்திற்கும் ஒலிக்கும்தான் போதவில்லை.

நெகிழ்வட்டில் படிக்கும் முனை வட்டின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டே ஓடும். தூசி, பூஞ்சை, உப்புக்காற்று மூன்றும் அதற்கு எதிரிகள். மூன்றுக்கும் காயல்பட்டினம் போன்ற கடலோர ஊரில் குறைவில்லை. பூஞ்சை படர்ந்த வட்டை ஓடவிட்டால் வட்டும் கெடும், முனையும் கெடும். அடுத்து வைக்கப்படும் நல்ல வட்டையும் அந்த முனை கீறும். ஆகவே பழைய வட்டை எடுத்தவுடன் செருகிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது நல்லது. உலோக மூடியைத் தள்ளி, உள்ளே வட்டைக் கையால் சுழற்றி, வெண்புள்ளிகள் உள்ளனவா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒன்பதில் ஒன்றில் புள்ளிகள் இருந்தன. அதைத் தனியே ஒதுக்கினோம்.

ஒலிநாடாவும் இந்தக் காந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறிய நாடாப்பெட்டி பாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர் பலர் கடிதத்திற்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பினர். நாகூர் ஹனீபாவின் பாடல் நாடாவின் மறுபக்கத்தில் வீட்டாருக்கான சேதியைப் பதிந்து அனுப்பியவர்களை நாங்களே அறிவோம். நண்பரின் பெட்டியில் இருந்த இரண்டு நாடாக்களும் அத்தகையவை. 1980களில் அச்சு எந்திரக்கூடங்களில் இருந்தவர்களுக்கு நினைவிருக்காது, 1990களில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது இன்னொரு காந்த வட்டு: 1994இன் இறுதியில் ஐயோமேகா நிறுவனம் கொண்டுவந்த 100 மெகாபைட் ஜிப் வட்டு. பக்கம் அமைப்பவர்கள் இதழை அதில் ஏற்றித்தான் அச்சகத்திற்குக் கொடுத்தனுப்புவார்கள். இன்று அந்த வட்டு ஒருவரிடம் இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி உள்ளவரைக் காண்பது அரிது.

ஜப்பானில் சோனி நிறுவனம் 2011இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. அதற்கு வெகுமுன்பே புதிய கணினிகளில் அதன் துறை மறையத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் குவியல்: ஒளி

1982இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து இசைக்காகக் கொண்டுவந்த குறுந்தகடு, சில ஆண்டுகளில் கணினிக்கும் வந்தது. 650 முதல் 700 மெகாபைட் கொள்ளளவு. ஏறத்தாழ ஐந்நூறு நெகிழ்வட்டுகளுக்குச் சமம். ஆலையில் அடித்த தகட்டில் நுண்ணிய பள்ளங்கள் சுருள்வழியாக ஓடும். லேசர் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பும் வேறுபாட்டைக் கருவி வாசிக்கும். எந்த முனையும் தொடுவதில்லை என்பதால் தேய்மானம் இல்லை. ஆகவே இது நூறாண்டு நிற்கும் என்று விளம்பரம் செய்தார்கள்; நாமும் நம்பினோம்.

ஆனால் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆலையில் அடித்தவை அல்ல. கடைகளில் 'ரைட்' செய்து வாங்கியவை. அவற்றில் பள்ளங்கள் இல்லை. ஒரு கரிமச் சாயத்தின்மேல் லேசர் சுட்ட தழும்புகளே செய்தியாக நிற்கின்றன. சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. குறுந்தகட்டின் பளபளப்பான அடிப்பக்கத்தைக் காப்பாற்றுவதில் நாம் காட்டும் அக்கறையை, பெயர் எழுதும் மேற்பக்கத்தில் காட்டுவதில்லை. உண்மையில் எதிரொளிக்கும் உலோகப் படலம் மேற்பக்கத்திற்கு மிக அருகே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் உள்ளது. அங்கே விழும் கீறலே ஆபத்தானது. 1996இல் வந்த 4.7 கிகாபைட் டிவிடியில் இப்படலம் இரு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே வைக்கப்பட்டது.

நண்பரின் நான்கு தகடுகளில் இரண்டு படித்தன. ஒன்றில் விளிம்பு தொடங்கிப் படலம் உரிந்திருந்தது. மற்றொன்றின்மேல் யாரோ பந்துமுனைப் பேனாவால் 'திருமணம்' என்று அழுத்தி எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துக்குக் கீழே உள்ள பகுதியைத்தான் கருவியால் படிக்க முடியவில்லை.

மூன்றாம் குவியல்: சிறைப்பட்ட மின்னூட்டம்

பென் டிரைவ், நினைவக அட்டை, கைப்பேசிக்குள் இருக்கும் சேமிப்பு, இன்றைய மடிக்கணினிகளின் திடநிலைத் தட்டு ஆகிய நான்கும் ஒரே குடும்பம். குடும்பத் தலைவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா. 1980களில் அவர் உருவாக்கிய இந்த நினைவகம், பெரும்பகுதியை ஒரே வீச்சில் அழிக்கவல்லது. அது ஒளிப்படக் கருவியின் மின்வெட்டை நினைவூட்டியதால் உடன் பணியாற்றியவர் அதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயரிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் நேண்ட் வகை 1987இல் அறிமுகமாயிற்று.

நுட்பம் இதுதான். நான்கு பக்கமும் மின்கடத்தாப் படலம் சூழ்ந்த ஒரு தீவு. அதற்குள் மின்னணுக்களைத் தள்ளி அடைத்துவிட்டால், மின்சாரம் நின்றபின்னும் அவை வெளியேற வழியின்றிக் கிடக்கும். இருப்பதையும் இல்லாமையையும் கொண்டு செய்தியைப் படிக்கலாம். அசையும் பகுதி எதுவும் இல்லாததால் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் கெடுவதில்லை.

1994இல் காம்பாக்ட் ஃப்ளாஷ், 1999இல் எஸ்.டி. அட்டை, 2005இல் மைக்ரோ எஸ்.டி. என்று உருவம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1996இல் வரையறுக்கப்பட்ட யு.எஸ்.பி. துறையோடு இந்த நினைவகம் சேர்ந்தபோது பென் டிரைவ் பிறந்தது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் வெளியிட்டது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை அதே ஆண்டில் ஐ.பி.எம். விற்றது, அதன் கொள்ளளவு 8 மெகாபைட். 2019இல் ஒரு டெராபைட் மைக்ரோ எஸ்.டி. அட்டைகள் கடைக்கு வந்தன. ஒரு டன் எடையுள்ள ராமாக்கைப்போல் இரண்டு லட்சம் கருவிகள் கொள்ளும் செய்தி ஒரு நகத்தளவில் அடங்கிவிட்டது.

நம்மூர்க் கைப்பேசிக் கடைகளில் பத்து, இருபது ரூபாய்க்கு அட்டை நிறையப் பாட்டு ஏற்றித் தந்த காலம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த அட்டை எளிதில் எழுதுவதற்கும் அழிப்பதற்குமான பொருள். நெடுங்காலக் காப்புக்காக யாரும் அதைச் செய்யவில்லை. அடைபட்ட மின்னணுக்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடினால் விரைந்து கசிகின்றன. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் சுற்றியுள்ள படலம் சிறிது தேய்கிறது. பலமுறை பயன்படுத்தித் தேய்ந்த ஒரு பென் டிரைவை வெக்கை மிகுந்த அலமாரியில் பல ஆண்டுகள் மூடிவைத்துவிட்டு, எடுக்கும்போது எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. காந்தமாவது சாயமாவது கெடுவதற்கு முன் சில அடையாளங்களைக் காட்டும். இது ஒருநாள் திறக்கும், மறுநாள் திறக்காது. நண்பரின் பென் டிரைவ் திறக்கவில்லை. அட்டை திறந்தது.

எந்த எழுத்தில் எழுதினோம்?

நெகிழ்வட்டுகளுக்கு வருவோம். யு.எஸ்.பி. துறையில் செருகக்கூடிய நெகிழ்வட்டுக் கருவி ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். எட்டு வட்டுகளில் ஆறு முழுமையாகவும் ஒன்று பாதியும் படித்தன. மற்றொன்று வாய் திறக்கவில்லை. மகிழ்ந்து கோப்பைத் திறந்தால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் வினாக்குறிகளும் பிற ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து ஓடின.

1990களில் கணினித் தமிழைப் பயன்படுத்தியவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை அன்று ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. அந்த எழுத்துரு இல்லையேல் கோப்பு வெறும் புதிர். இதற்கு ஒழுங்கு காண இணையத் தமிழர்கள் டிஸ்கி என்னும் தரத்தை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் தரங்கள் வந்தன. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும் அது வழக்கில் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்றது.

இந்தச் சிக்கல் கணினியோடு தோன்றியதன்று என்பதைத்தான் இந்தக் கடற்கரையில் நின்று சொல்ல விரும்புகிறோம். தமிழ் இங்கே பலமுறை வேற்றெழுத்தில் பயணம் செய்திருக்கிறது. 1554இல் லிஸ்பனில் அச்சான கார்த்தில்யா என்ற வேதபோதக நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் உள்ளன. அரபுத்தமிழோ நூற்றாண்டுகள் தொடர்ந்த பெருமரபு. அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்கும் எ, ஒ என்னும் உயிர்களுக்கும் அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி வடிவம் கண்டனர் முன்னோர். ஓர் எழுத்துமுறைக்குள் இன்னொரு மொழியின் ஒலிகளைக் குறியீடு செய்த செயல் அது. பின்னாளில் எழுத்துரு செய்தவர்கள் செய்ததும் அதுவே. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்கச் சட்டத்தையும் கதையையும் பாட்டையும் அவ்வெழுத்தில் எழுதினர். கல்லச்சு வந்தபின் அவை கப்பலேறி இலங்கைக்கும் கீழை நாடுகளுக்கும் சென்றன. பெண்கள் வீட்டில் இருந்தபடி கற்று வாசித்த எழுத்து அது.

இன்று அந்த நூல்களின் தாள் கெடாமல் இருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் ஆண்டுதோறும் குறைகின்றனர். கூட்டிய குறிகளைத் தட்டச்சிட வழக்கமான அரபு விசைப்பலகை உதவாது. பொருள் கரையில் கிடக்கிறது. அதை வாசிக்கும் கண்ணாகிய துறை தூர்ந்துகொண்டிருக்கிறது.

தொலைவில் இருந்த நகல்

ஓலைச்சுவடிக் காலத்து மக்கள் ஓலை என்றும் நிற்கும் என்று நம்பவில்லை. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும் என்று அறிந்து, தலைமுறைதோறும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதுவது நின்ற நூல்கள் மறைந்தன. உ.வே. சாமிநாதையர் இப்பகுதியில் ஏடு தேடி வந்ததும், காயல்பட்டினத்திற்கு அண்மையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் பத்துப்பாட்டு ஏட்டைக் கண்டதும் 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிந்ததே. யாரோ ஒருவர் முன்பே பெயர்த்தெழுதி வைத்ததால்தான் அவர் கையில் அது கிடைத்தது.

அச்சு வந்தபோது நகல் பெருகியது. இங்கேயும் முத்துக்குளித்துறைக்குப் பங்கு உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்த பாதிரியார் அன்றீக் அன்றீக்கசின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது, பதினாறு பக்கம். அவருடைய அடியார் வரலாறு 1586இல் அச்சேறியது. இக்கரை மக்களுக்காகவே இவை ஆக்கப்பட்டன. ஆனால் இக்கரையில் அவை நிலைக்கவில்லை. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்திலும் இருந்ததால் பிழைத்தன. தனிநாயகம் அடிகள் போன்றோர் இவற்றை இருபதாம் நூற்றாண்டில் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தனர். தொலைவில் ஒரு நகல் இருந்திராவிட்டால் இந்நூல்கள் வெறும் பெயர்களாகவே எஞ்சியிருக்கும்.

மறுதலையான காட்சியையும் நம் தலைமுறை கண்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை மீளவில்லை. அந்தப் படிப்பினையிலிருந்துதான், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தையும் நாம் மதிக்கவேண்டும். தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட மதுரைத் திட்ட நூல்கள் தொடக்கத்தில் டிஸ்கியில் இருந்தன. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்றும் பொறுப்பை ஏற்க ஆள் இருந்ததால் அவை பிழைத்தன.

இவ்வளவும் பார்த்தபின் எங்களுக்குத் தெளிவானது ஒன்றே. நிலைத்து நிற்கும் சேமிப்பு என்று எதுவும் இல்லை. காந்தமோ ஒளியோ மின்னூட்டமோ, எல்லாமே அடுத்த பெயர்ப்பு வரைக்குமான தங்குமிடங்கள். எது சிறந்தது என்று கடைக்காரரைக் கேட்பதைவிட, அடுத்த பெயர்ப்பை யார் செய்வார் என்று வீட்டாரைக் கேட்பது மேல்.

நடைமுறைக்குச் சில சொற்கள். கணினித் துறையினர் மூன்று, இரண்டு, ஒன்று என ஒரு விதி சொல்வதுண்டு: மூன்று படிகள், இரண்டு வேறுபட்ட கருவிகளில், அவற்றில் ஒன்று வேறோர் ஊரில். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அனைத்தையும் திறந்து பார்த்துப் புதிய கருவிக்கு மாற்றவேண்டும். தமிழ் எழுத்தை ஒருங்குறியில் வைக்கவேண்டும். கோப்பில் என்ன இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

கடைசியாகச் சொன்ன தாளை நாங்கள் பட்டறிந்தே சொல்கிறோம். நண்பரின் கோப்புகளைப் படிக்க உதவியது எந்த மென்பொருளும் அன்று. குறிப்பேட்டின் நடுவே, அன்று அவர் அச்சிட்டுப் பார்த்த ஒரே ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தையும் அதற்குரிய கோப்பையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். மூன்று இரவுகள் ஆயின. நான்காம் நாள் வாப்பாவின் விளக்கங்கள் தமிழில் வந்தன.

அனைத்தும் வரவில்லை. ஒதுக்கிய வட்டும், திறக்காத வட்டும், பாதியில் நின்ற வட்டும் ஏட்டின் இறுதிப் பகுதிக்கு உரியவை. அந்தப் பக்கங்களுக்கு விளக்கம் சொல்ல இனி அவர் இல்லை.

நாங்கள் இதைச் சொன்னபோது நண்பரின் உம்மா, இதுவரை ஒன்றும் பேசாதிருந்தவர், குறிப்பேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அர்த்தமெல்லாம் அவங்கள மாதிரி சொல்லத் தெரியாது. வாசிக்கத் தெரியும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கங்களை வாசிக்கத் தொடங்கினார். இடையிடையே, தம் தந்தையார் இன்ன சொல்லை இன்ன பொருளில் சொல்வார் என்று அவரறியாமலே விளக்கமும் வந்தது. ஏறத்தாழ நாற்பது நிமிடம். கைப்பேசியில் பதிந்துகொண்டோம்.

அந்தப் பதிவு இப்போது காயல்பட்டினத்தில் ஒரு வன்தட்டிலும், சென்னையில் எங்கள் கணினியிலும், கொழும்பில் அவர்களின் உறவினர் ஒருவரிடமும் இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கித் தாளில் அச்சிட்டுக் குறிப்பேட்டோடு சேர்த்து அதே துணியில் சுற்றியும் வைத்தாயிற்று.

வாசகர்களின் வீடுகளிலும் இப்படியொரு தகரப்பெட்டி இருக்கக்கூடும். அதைத் திறக்கும் கருவி சந்தையில் இன்னும் சில காலம் கிடைக்கும். அதைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், கருவியைத் தேடுவதற்கு முன் அவரருகே சென்று அமருங்கள்.